குடும்பப் பண்ணை எதனால் நிலைக்கிறது? ஓர் எளிய விளக்கம்

நிலத்தை நடத்தும் பொறுப்பும், அதில் செய்யப்படும் உழைப்பின் பெரும்பகுதியும் ஒரே குடும்பத்தாரிடம் இருந்தால் அதைக் குடும்பப் பண்ணை என்கிறோம். நிலத்தின் அளவு இதைத் தீர்மானிப்பதில்லை. அரை ஏக்கரில் கீரை போட்டுச் சந்தைக்குக் கொண்டுபோகிறவரும், பத்து ஏக்கரில் மஞ்சளும் கரும்பும் வைத்திருப்பவரும் குடும்பப் பண்ணை நடத்துகிறவர்களாகவே இருக்கலாம். அங்கே முடிவெடுப்பவர் யார், களைக்கொத்தைப் பிடிப்பவர் யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே வீட்டுக்குள் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். உலகத்தில் உள்ள பண்ணைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இந்த வகையைச் சேர்ந்தவை. 2019 முதல் 2028 வரையிலான பத்தாண்டுகளைக் குடும்ப வேளாண்மைக்கான பத்தாண்டுகளாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருப்பதற்கும் அதுவே காரணம்.

இந்தியாவில் ஒரு பண்ணையின் சராசரி அளவு 1970-71-ல் 2.28 ஹெக்டேராக இருந்தது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் அது 1.08 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. தமிழ்நாட்டின் சராசரி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. மழை, விலை, பூச்சி என்று எதுவுமே தன் கையில் இல்லாமல் இவ்வளவு சிறிய அளவில் நடக்கும் எந்தத் தொழிலும் சில ஆண்டுகளில் மூடப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பல குடும்பங்கள் மூன்று தலைமுறை, நான்கு தலைமுறை என்று அதே நிலத்தில் இருக்கின்றன. அதே ஊரில், அதே மண்ணும் அதே கிணற்று நீரும் உள்ள வேறு சில குடும்பங்கள் நிலத்தை விற்றுவிட்டு வெளியேறுகின்றன. இந்த வேறுபாட்டுக்கு விளைச்சலும் விலையும் மட்டும் காரணமாக இருக்க முடியாது. அந்தந்த வீட்டின் வாழ்க்கை எப்படி அமைந்திருக்கிறது என்பதில் பாதி விடை இருக்கிறது என்பதே என் கருத்து.

இதை முறையாக ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் ரஷ்யப் பொருளியலாளர் அலெக்சாந்தர் சயானோவ். ரஷ்யக் கிராமங்களில் வீடு வீடாகச் சேகரிக்கப்பட்டிருந்த புள்ளிவிவரங்களைக் கொண்டு, உழவர் குடும்பம் ஆலை முதலாளியைப் போலக் கணக்குப் போடுவதில்லை என்று 1920-களில் அவர் விளக்கினார். ஆலை முதலாளிக்குக் கூலி ஒரு செலவு. கூலியைக் கொடுத்தபின் லாபம் நிற்காவிட்டால் அவர் வேலையை நிறுத்திவிடுவார். உழவர் குடும்பத்தில் கூலி என்ற பத்தியே கணக்கில் கிடையாது. ஆண்டு முடிவில் கைக்கு வருவதில் விதை, உரம், வாடகை போன்றவற்றைக் கழித்தால் மிஞ்சுவது முழுவதும் குடும்பத்தின் வருமானம். அதில் எவ்வளவு கூலி, எவ்வளவு லாபம் என்று பிரிக்க வழியே இல்லை. ஆகவே அந்தக் குடும்பம் லாபத்தைப் பார்த்து வேலையை நிறுத்துவதில்லை. வீட்டின் தேவை நிறைவேறும் அளவும் உடம்பு படும் பாடும் சமமாகும் இடத்தில்தான் நிறுத்துகிறது. உழவர்களை வலிந்து கூட்டுப் பண்ணைகளில் சேர்த்த சோவியத் தலைவர் ஸ்டாலினின் ஆட்சிக்கு இந்தச் சிந்தனை உவப்பாக இல்லை. சயானோவ் 1930-ல் கைது செய்யப்பட்டு, 1937-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் சொன்னதன் அடிப்படை இன்றும் நம் ஊர்களில் செல்லுபடியாகிறது.

ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்கள் அடங்கிய கொங்குப் பகுதியில் இதைத் தெளிவாகக் காணலாம். அங்கே பல குடும்பங்கள் ஊருக்குள் குடியிருப்பதில்லை. கிணற்றடியிலேயே வீடு கட்டித் தோட்டத்தில் வாழ்கின்றன. மாட்டுக் கொட்டகை வாசலில் இருக்கும். மோட்டார் ஓடும் சத்தம் படுக்கைக்குக் கேட்கும். இரவு இரண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் கட்டுவதும், நள்ளிரவில் கன்று ஈனும் மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தக்கூடிய வேலைகள் அல்ல. அந்த நேரத்தில் எழுந்திருக்க ஒருவர் வேண்டும். அவர் அந்தப் பயிரின் மேலும் மாட்டின் மேலும் அக்கறை உள்ளவராகவும் இருக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் உழவுத் தொழிலை முழுவதுமாக விழுங்க முடியாமல் போனதற்கு இந்தச் சின்னஞ்சிறு, நேரங்கெட்ட வேலைகள் முக்கியமான காரணம்.

சயானோவின் இரண்டாவது கண்டுபிடிப்பு குடும்பத்தின் வயதைப் பற்றியது. ஒரு வீட்டில் உண்பவர்கள் எத்தனை பேர், உழைப்பவர்கள் எத்தனை பேர் என்ற விகிதம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. புதிதாகத் திருமணமான இருவர் தனியாகப் பண்ணையம் தொடங்கினால், இருவரும் உழைக்கிறார்கள், இருவரும் உண்கிறார்கள், சுமை குறைவு. பத்தாண்டுகளுக்குப் பிறகு அதே வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் மூவரும் வயதான தாயும் இருந்தால், இருவரின் உழைப்பில் ஆறு பேர் உண்ண வேண்டும். நிலம் அதேதான், மழையும் அதேதான், ஆனால் அந்தத் தம்பதியின் தலையில் ஏறியிருக்கும் பாரம் மூன்று மடங்கு. பிள்ளைகள் தலையெடுத்து உழைக்கத் தொடங்கியதும் பாரம் மறுபடி இறங்குகிறது. ஒரு குடும்பம் அதிகமாகக் குத்தகைக்கு எடுத்து உழுவதும், பிறகு குறைத்துக்கொள்வதும் இந்த ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர்ந்தே நடக்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர் ஒரு வீட்டை முன்னேறிய வீடு என்றும் இன்னொன்றை நொடித்த வீடு என்றும் எண்ணிக்கொள்ளலாம். பல நேரங்களில் அவை ஒரே பாதையின் வெவ்வேறு கட்டங்களில் நிற்கும் வீடுகளாகவே இருக்கும்.

நம் நாட்டில் இந்தக் கணக்கில் ஒரு பெரிய மாற்றம் வந்துவிட்டது. முன்பு பதினைந்து வயதில் ஏர் பிடித்த பிள்ளை இன்று இருபத்திரண்டு வயது வரை படிக்கிறான், படிக்க வேண்டியதும்தான். அதனால் உண்பவர் கூடி உழைப்பவர் குறைந்திருக்கும் காலம் நீண்டுவிட்டது. படித்து முடித்த பிள்ளை நிலத்துக்குத் திரும்புவதும் உறுதியில்லை.

பண்ணையைத் தாங்கும் உழைப்பில் கண்ணுக்குத் தெரியாத பகுதி பெண்களுடையது. இரண்டு கறவை மாடு வைத்திருக்கும் வீட்டை எடுத்துக்கொள்வோம். விடியற்காலை சாணி அள்ளி, தண்ணீர் காட்டி, தவிட்டையும் புண்ணாக்கையும் கலந்து வைத்து, பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றும் நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பகலில் சோளத்தட்டு அறுத்துவந்து போட வேண்டும். மாலையில் மறுபடி கறவை. இதற்கு நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் என்று மிகக் குறைத்தே வைத்துக்கொள்வோம். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். அதில் பாதியை ஒரு நாளைய மாட்டு வேலைக்குக் கூலியாகப் போட்டால், ஆண்டுக்குச் சுமார் 58,000 ரூபாய் ஆகிறது. பால் பணத்தில் தீவனச் செலவையும் வைத்தியச் செலவையும் கழித்து இவ்வளவு மிச்சம் என்று வீட்டில் பேசும்போது இந்த 58,000 பேச்சில் வருவதே இல்லை. அந்தப் பெண் இதே நாளில் சமையலையும் துவைப்பையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறாள். 2019-ல் நடத்தப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் இந்தியப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களை அவற்றில் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடங்களை.

அரசின் கணக்கில் இந்த உழைப்புக்கு ஓர் இடம் உண்டு. குறைந்தபட்ச ஆதரவு விலையை நிர்ணயிக்கும்போது, கையிலிருந்து செலவழித்த தொகையோடு குடும்பத்தினரின் உழைப்புக்கு ஒரு மதிப்பையும் கூட்டி உற்பத்திச் செலவைக் கணக்கிடுகிறார்கள். 2024-25 சாதாரண ரக நெல்லுக்கு அப்படிக் கிடைத்த தொகை குவிண்டாலுக்கு 1,533 ரூபாய். அதன் ஒன்றரை மடங்காக 2,300 ரூபாய் ஆதரவு விலையானது. சொந்த நிலத்துக்கான வாடகையையும், போட்டிருக்கும் முதலுக்கான வட்டியையும் சேர்த்த முழுச் செலவின் மேல் அந்த ஒன்றரை மடங்கைக் கணக்கிட வேண்டும் என்பது உழவர் இயக்கங்களின் நீண்ட நாள் கோரிக்கை. ஆனால் ஆதரவு விலை அறிவிக்கப்படும் பயிர்கள் சிலவே. மஞ்சளுக்கும் காய்கறிக்கும் அது இல்லை. 2010-ல் ஈரோட்டில் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள், இரண்டே ஆண்டுகளில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. அந்த வீழ்ச்சியில் பண்ணைகள் உடனே மூடப்படாததற்குக் காரணம், அவற்றின் செலவில் பெரும்பகுதி சொந்த உடம்பின் உழைப்பு. யாருக்கும் கூலி பாக்கி இல்லை. வீட்டார் செலவைச் சுருக்கிக்கொண்டு, அடுத்த பட்டத்துக்கும் தோட்டத்தில் இறங்கினார்கள்.

குடும்பப் பண்ணையின் பலம் என்று எல்லோரும் பாராட்டுவது இதைத்தான். எனக்கு இதைப் பலமாக மட்டும் பார்க்க முடியவில்லை. கட்டுப்படியாகாத விலையையும் குடும்பம் தாங்கிக்கொள்ளும் என்று தெரிந்தால், சந்தை அந்த விலையையே நிரந்தரமாக்கிவிடுகிறது. தாங்குவது நிலம் அல்ல. முதுகு வலியோடு களையெடுக்கும் அம்மாவும், வைத்தியத்தைத் தள்ளிப்போடும் அப்பாவும்தான். சயானோவ் இதைத் தன்னைத் தானே சுரண்டிக்கொள்வது என்றே அழைத்தார்.

பயிர்த் தேர்வும் வீட்டில் எத்தனை கைகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தே நடக்கிறது. மஞ்சளுக்கு ஏறக்குறைய ஒன்பது மாதப் பாடு உண்டு: நடவு, களை, மண் அணைப்பது, தண்ணீர், பிறகு தை மாசியில் வெட்டு, வேகவைப்பது, காய வைப்பது, மெருகேற்றுவது. இதற்கு வீட்டில் ஆள் வேண்டும், கூலிக்கும் ஆள் வேண்டும். பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீடுகளில் கேட்டால், “ஆள் கெடைக்கறதில்லீங்க, தென்னைய வெச்சுட்டோம்” என்ற பதில் வரும். தென்னையை மண் வளத்துக்காகவோ லாபத்துக்காகவோ மட்டும் அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை; அறுபது வயதான இருவர் சொட்டுநீர்க் குழாயைத் திறந்துவிட்டுச் சமாளிக்கக்கூடிய பயிர் என்பதால் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே பயிராகத் தோப்பு முழுவதும் நின்றபோது வெள்ளை ஈயும் பொள்ளாச்சிப் பக்கம் வேர் வாடல் நோயும் வந்து, அந்தப் பாதுகாப்பையும் அசைத்துவிட்டன.

குறைந்த கைகளுக்கு ஏற்ற ஏற்பாடு கொங்கு நாட்டில் முன்பே இருந்தது. காங்கயம், தாராபுரம் பக்கத்து மானாவாரி நிலங்களில் முள்கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல் மரங்களையும் வளர்த்து, மாடுகளையும் செம்மறிகளையும் அடைத்து மேயவிடும் கொறங்காடு அது. வேலி உயிர்வேலியாக இருப்பதால் மேய்ப்பதற்குத் தனியாக ஆள் தேவையில்லை. மழை குறைந்த ஆண்டிலும் வெள்வேல் நெற்று உதிர்ந்து தீவனமாகும். ஓர் அப்பத்தா மட்டும் வீட்டில் இருந்தாலும் பட்டியைத் திறந்து விடவும் மாலையில் அடைக்கவும் முடியும். காங்கயம் மாட்டினம் இன்று வரை தங்கியிருப்பதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. வானம் பார்த்த பூமியில் குடும்பம் தன் உழைப்புக்குத் தக்கவாறு நிலத்தையே வடிவமைத்துக்கொண்டதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, வெளி வருமானம். 2018-19 வேளாண் ஆண்டைப் பற்றி நாடு முழுவதும் நடந்த தேசிய மாதிரி ஆய்வில், ஓர் உழவர் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய் என்று தெரியவந்தது. அதில் பயிரிலிருந்து வந்தது 3,798 ரூபாய்; கால்நடையிலிருந்து 1,582; கூலியாகவும் சம்பளமாகவும் வந்தது 4,063. உழவர் குடும்பம் என்று நாம் அழைக்கும் வீட்டிலேயே பயிரைவிடச் சம்பளம் அதிகம். திருப்பூரைச் சுற்றிய கிராமங்களில் காலையில் பனியன் கம்பெனி வண்டி வந்து இளையவர்களை ஏற்றிக்கொண்டு போகிறது. வாரச் சம்பளம் வீட்டுக்கு வருகிறது. இதை விவசாயம் அழிவதற்கான அடையாளம் என்று பலர் வருந்துகிறார்கள். எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. போர் போட்டுத் தண்ணீர் வராமல் போன ஆண்டில் மாட்டை விற்காமல் காத்தது அந்த வாரச் சம்பளமாக இருக்கும். ஒருவர் வெளியே சம்பாதித்து, மற்றவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் வீடுகள், நிலத்தை மட்டும் நம்பியிருக்கும் வீடுகளைவிட உறுதியாக நிற்கின்றன. எல்லோரும் வெளியே போய்விட்டால்தான் நிலம் தரிசாகிறது.

வீட்டுச் செலவும் பண்ணைச் செலவும் ஒரே பணப்பையிலிருந்து போவதையும் சொல்ல வேண்டும். மகளின் திருமணம் வைகாசியில் என்றால், விலை ஏறும்வரை மஞ்சளை இருப்பு வைக்கலாம் என்ற திட்டம் கைவிடப்படுகிறது. கல்லூரிக் கட்டணம் கட்டும் மாதத்தில் உரம் தள்ளிப்போகிறது. மறுபக்கம், உழவுக்கும் விதைக்கும் பணம் வேண்டிய மாதத்தில் மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. பண்ணையின் நடப்பு மூலதனம் வங்கியில் இல்லை, அவள் கழுத்தில் இருக்கிறது. ஒரு பெரிய மருத்துவச் செலவு வந்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சரிகின்றன. நிலத்தை விற்ற குடும்பங்களின் கதையைக் கேட்டுப் பார்த்தால், பயிர் பொய்த்ததைச் சொல்லும் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரிச் செலவைச் சொல்லும் வீடும் இருக்கும்.

இதுவரை சொன்னவை ஒரு தலைமுறைக்குள் நடப்பவை. அடுத்த தலைமுறைக்கு நிலம் கைமாறும்போதுதான் பண்ணைகள் அதிகமாக உடைகின்றன. நான்கு ஏக்கரும் ஒரு கிணறும் உள்ள தகப்பனாரின் நிலம் இரண்டு மகன்களுக்குப் பிரிந்தால் ஆளுக்கு இரண்டு ஏக்கர் கிடைக்கும். கிணற்றைப் பிரிக்க முடியாது. ஆகவே பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணற்றிலும் மோட்டாரிலும் மின் இணைப்பிலும் ஆளுக்குப் பாதி பாத்தியம் என்று எழுதி, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நன்றாக இருக்கும்வரை இந்த ஏற்பாடு அருமையாக நடக்கும். மின் இணைப்பு அண்ணன் பெயரில் இருந்து, மோட்டார் எரிந்து, பழுது பார்க்கும் செலவில் மனத்தாங்கல் வந்துவிட்டால், தம்பியின் இரண்டு ஏக்கர் நல்ல மண்ணும் காய்ந்து கிடக்கும். பிறகு தம்பி தனியாக ஒரு போர் போடுவார். அதற்குக் கடன் வாங்குவார். இரண்டு போரும் ஒரே நிலத்தடி நீரை உறிஞ்சும். ஒரு சண்டைக்கு இரு குடும்பங்கள் கொடுக்கும் விலை அது.

மகள்களுக்கும் இதில் உரிமை உண்டு. தமிழ்நாடு 1989-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, கூட்டுக் குடும்பச் சொத்தில் அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குச் சம பங்கு கொடுத்தது. 2005-ல் மத்தியச் சட்டம் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் அதை விரிவாக்கியது. 2020-ல் உச்ச நீதிமன்றம் அது பிறப்பால் வரும் உரிமை என்று உறுதிசெய்தது. இதனால் நிலம் மேலும் துண்டாகும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. துண்டாவதைத் தடுக்க மகளின் பங்கை மறுப்பது நியாயமில்லை. நிலத்தை நடத்துபவர் மற்றவர்களின் பங்குக்குத் தவணையில் பணம் கொடுப்பதோ, பங்கை அவர்கள் பெயரிலேயே வைத்துக் குத்தகை கொடுப்பதோ சாத்தியம்தான். இவற்றை அப்பா இருக்கும்போதே உட்கார்ந்து பேசிய குடும்பங்கள் வழக்கு மன்றத்துக்குப் போவதில்லை.

அப்பா பேசத் தயாராக இல்லாததே பெரிய சிக்கல். எழுபது வயது வரை வரவு செலவும் பயிர் முடிவும் அவர் கையிலேயே இருக்கும். நாற்பது வயது மகன் தன் சொந்தத் தோட்டத்தில் சம்பளமில்லாத ஆளாக இருப்பான். பெண் கேட்டுப் போகும் இடத்தில் “மாப்பிள்ளைக்கு என்ன வருமானம்” என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இருக்காது; விவசாயம் பார்க்கும் பையனுக்குப் பெண் கிடைப்பதில்லை என்று கொங்குப் பகுதியில் எல்லோரும் பேசிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். பால் பணத்தையாவது மகன் கணக்கில் வரவு வைத்து, ஒரு ஏக்கரையாவது அவன் விருப்பப்படி பயிர் செய்ய விட்ட வீடுகளில் இளையவர்கள் தங்குகிறார்கள் என்பது நான் கவனித்த வரையில் உண்மை.

குடும்ப உழைப்பு என்று பேசும்போது இன்னொன்றை மறைத்துவிடக் கூடாது. கொங்குத் தோட்டங்கள் பலவும் பல தலைமுறைகளாக நிலமில்லாத தலித் குடும்பங்களின் உழைப்பில் நின்றவை. பண்ணையாளாக இருந்த குடும்பத்தின் பிள்ளைகள் இன்று கம்பெனி வேலைக்குப் போவதைத்தான் தோட்டக்காரர்கள் ஆள் பற்றாக்குறை என்கிறார்கள். அது அந்தப் பிள்ளைகளின் விடுதலை. மரியாதையும் நியாயமான கூலியும் கொடுக்கும் தோட்டத்துக்கு இன்றும் ஆள் வருகிறது.

பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்பது கடைசிக் கேள்வி. இந்தியாவில் 2015-16 கணக்கெடுப்பின்படி நூற்றுக்குச் சுமார் 14 பண்ணைகளே பெண்கள் நடத்துபவையாகப் பதிவாகியிருக்கின்றன. பட்டா கணவர் பெயரில் மட்டும் இருந்தால், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடனும், பயிர்க் காப்பீடும், உழவர் நிதி உதவியாக ஆண்டுக்கு வரும் 6,000 ரூபாயும் அவர் பெயரிலேயே வரும். அவர் திடீரென இறந்துவிட்டால், நேற்று வரை அந்தப் பண்ணையின் பாதி வேலையைச் செய்தவள் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பித்து, தானும் ஒரு விவசாயி என்று தாலுகா அலுவலகத்தில் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த மாதங்களில்தான் அடுத்த பட்டத்துக்கான விதைப்பும் வருகிறது. கணவர் உயிரோடும் நலத்தோடும் இருக்கும்போதே நிலத்தில் ஒரு பகுதியையாவது மனைவி பெயருக்கு எழுதிப் பதிவு செய்து, பட்டாவிலும் அவர் பெயரைச் சேர்த்துவிட்டால், பத்திரச் செலவும் சில நாள் அலைச்சலும் ஆகும். கடனுக்கும் காப்பீட்டுக்கும் அவர் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம், விதைப்பும் நிற்காது.